பிரெண்டா வீட்டு ஞாயிற்றுச் சாப்பாடு

மார்ச் 1, சனி

தமிழில்தான் எழுதப் போகிறேன். இந்த ஊரில் என்னைத் தவிரத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அம்மா என் மேசையைத் துடைப்பார், எதையும் திறந்து பார்க்கமாட்டார். அப்பா என் அறைக்குள் வருவதில்லை.

இன்று மாலை ஊர் மண்டபத்தில் ஏலம். நாங்கள் இந்த ஊருக்குக் கடை எடுத்து வந்த பிறகு இதுதான் முதல் ஏலம். கூரை ஒழுகுகிறது, அதற்குக் காசு சேர்க்கிறார்கள். நெதர் ஆல்கோம் என்கிற இந்த இங்கிலாந்துக் கிராமத்தில் எதற்கெடுத்தாலும் காசு சேர்ப்பார்கள். கேக் விற்பார்கள், மழையில் நின்று பழைய புத்தகம் விற்பார்கள். இந்த ஏலத்தில் பொருளே கிடையாது. ஆளாளுக்கு ஒரு வேலை செய்து தருவதாக வாக்குக் கொடுக்கிறார்கள், மற்றவர்கள் அதை ஏலத்தில் எடுக்கிறார்கள். ஒருவர் புல் வெட்டித் தருவார். ஒருத்தி நாயை நடக்கக் கூட்டிப்போவாள். அப்பா ஐம்பது மட்டன் ரோல்ஸ் சுட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். நல்ல விலைக்குப் போனது. கடைக்கார நாதனுக்கு, அதாவது அப்பாவுக்கு, முகமெல்லாம் பல்.

கடைசியில் பிரெண்டாவின் முறை. எங்கள் கடைக்கு எதிர்வீட்டுக் கிழவி. மாதக் கடைசியில் வருகிற அன்னையர் ஞாயிறன்று அவள் வீட்டில் மதியச் சாப்பாடு, இருவருக்கு. மண்டபக் கமிட்டித் தலைவி ஃபிலிப்பா அதை வாசித்து முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து செம்மறி வளர்க்கிற டெரெக், "இருபது" என்றார். ஃபிலிப்பா ஏலம் முடிக்கிற குட்டிச் சுத்தியலைத் தூக்கிவிட்டாள்.

அப்பா கையைத் தூக்கினார். ஐம்பது.

டெரெக் அறுபது என்றார். அப்பா நூறு. யாரோ இருமினார்கள். டெரெக் நூற்றுப் பத்து. அப்பா எழுந்து நின்று இருநூறு என்றார். டெரெக் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தியல் விழுந்தது. அம்மாவும் நானும் கை தட்டினோம். வேறு யாரும் பெரிதாகத் தட்டவில்லை. களைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

நடந்து வரும்போது, அந்த மனிசன் பாவம், விடாமல் கேட்டவரே என்றார் அம்மா.

"கேக்கத்தானே வேணும்" என்றார் அப்பா. "ஒரு மனிசி தன்ர கையால சமைச்சுப் போடுறன் எண்டு நிக்கிறா. இருபது பவுணோ? லண்டன் கோயிலில ஒரு தேங்காய் முந்நூறுக்குப் போகுது. ஒருத்தரும் கையைத் தூக்காட்டில் அது அவவுக்குத்தான் அவமானம்."

பிறகு, காலையில் பாண் பெட்டிகளை உள்ளே எடுக்கவேண்டும் என்று என்னிடம் சொல்லச் சொல்லி அம்மாவிடம் சொன்னார். அம்மா நடுவில் நடந்து வந்தார். திரும்பி என்னிடம் சொன்னார். சரி என்று அம்மாவிடம் சொன்னேன். ஒக்ரோபரிலிருந்து இப்படித்தான்.

மார்ச் 3, திங்கள்

பால் மிஞ்சிவிட்டது. டெரெக் காலையில் பேப்பரும் புகையிலையும் வாங்க வரவில்லை. அவருடைய பேப்பர் மேசையில் அப்படியே கிடக்கிறது. செம்மறிகள் குட்டி போடுகிற காலம், வேலை இருக்கும்.

மார்ச் 5, புதன்

டெரெக் இன்றும் வரவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிற அம்மாமார் தெருவுக்கு அந்தப் பக்கத்தால் போகிறார்கள். ஃபிலிப்பா வந்து ஒரே ஒரு தபால் முத்திரை வாங்கினாள். சனிக்கிழமை உங்கள் கணவர் மிகத் தாராளமாக நடந்துகொண்டார் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா நன்றி சொன்னார். அவள் போன பிறகு, "இவள் புகழ்ந்தவளோ, ஏசினவளோ?" என்று என்னிடம் கேட்டார்.

வெள்ளைக்காரர் ஏசினால் ஏசின மாதிரியே இருக்காது. அதுதான் பிரச்சினை. எங்கள் ஆட்கள் என்றால் கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போவார்கள். என்ன பிழை விட்டோம் என்றாவது தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

தெரிந்துவிட்டது. பப் குசினியில் வேலை செய்கிற பிரையனி, சிகரெட் வாங்க வந்தவள், கடையில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உன்ர அப்பா டெரெக்கின்ர சாப்பாட்டை எடுத்திட்டார்."

ஏலத்தில் யாரும் எதையும் எடுக்கலாம்தானே என்றேன். அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். டெரெக்கும் பிரெண்டாவும் அண்ணன் தங்கச்சியாம். எனக்குத் தெரியாது. இருபது வருடத்துக்கு முன்னால், அவர்களுடைய தாய் செத்த வருடம், பிரெண்டா வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தை டெரெக் அவளைக் கேட்காமல் வீடு கட்டுகிறவனுக்கு விற்றுவிட்டார். அன்றோடு பேச்சில்லை. ஆனால் வருடா வருடம் இந்த ஏலத்தில் பிரெண்டா அந்தச் சாப்பாட்டைப் போடுவாள், டெரெக் இருபது பவுணுக்கு எடுப்பார், அன்னையர் ஞாயிறன்று போய்ச் சாப்பிடுவார். அவள் கூப்பிட்டதாகவும் இல்லை, அவர் கேட்டதாகவும் இல்லை. கூரைக்குக் காசு, அவ்வளவுதான். ஊரே அதைத் தெரிந்துகொண்டு கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும்.

"அடுத்த வருசம் எடுக்கட்டுமே" என்றேன்.

அடுத்த வருடம் கிடையாது. பிரெண்டா கோடையில் வீட்டை விற்றுவிட்டு ஸ்கொட்லாந்தில் மகளோடு இருக்கப் போகிறாள். டெரெக் மாட்டுச் சந்தைக்கு அப்பால் வாகனம் ஓட்டினதே இல்லை. இதுதான் கடைசி.

பிரையனி சிகரெட்டுக்கு மிச்சக் காசு வாங்காமல் போனாள். அது கோபமா மறதியா என்று தெரியவில்லை.

மார்ச் 8, சனி

அம்மாவிடம் சொன்னேன். அப்பா இரண்டு அடி தள்ளி நின்று தக்காளி ரின்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டார் என்று தெரியும். ஆனாலும் அம்மா திரும்பி முழுதையும் அவரிடம் ஒருமுறை சொன்னார்.

அப்பா ரின்களை அடுக்கி முடித்தார். பிறகு எல்லாவற்றையும் இறக்கித் திரும்ப அடுக்கினார்.

மார்ச் 11, செவ்வாய்

அப்பா கழுத்தில் ரை கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து பிரெண்டா வீட்டுக்குப் போனார். சாப்பாட்டை விட்டுத்தருகிறேன், உங்கள் அண்ணனுக்கே கொடுங்கள் என்று சொல்லப் போனவர், கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

வாங்கினவர்தான் சாப்பிடவேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். டெரெக்குக்குக் கொடுங்கள் என்றதற்கு, "நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை, மிஸ்டர் நாதன். கூப்பிடுறதாய் இருந்தால் நானே கூப்பிட்டிருப்பன்" என்றாளாம். பிறகு சிரித்த முகத்தோடு, மாட்டிறைச்சி ஓடர் பண்ணிவிட்டேன், சாப்பிடுவீர்கள்தானே என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்கள் என்ன சொன்னியள்?" அம்மா கேட்டார்.

"எல்லாம் சாப்பிடுவம் எண்டன்."

அம்மா கடையை விட்டு உள்ளே போய்விட்டார். செவ்வாய்க்கிழமையில் முட்டைகூடத் தொடாத மனிசி. குசினியில் சட்டி பானைகள் பேசின. அப்பா ரையைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மார்ச் 14, வெள்ளி

யாரும் என்னை அனுப்பவில்லை. நானாகத்தான் டெரெக்கின் பண்ணைக்குப் போனேன். இதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கடையில் சும்மா நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

கொட்டிலில் ஒரு செம்மறி குட்டி போடமுடியாமல் கிடந்தது. டெரெக் என்னைப் பார்த்ததும் தலையைப் பிடி என்றார். பிடித்தேன். அது என் முழங்காலில் மூச்சு விட்டது, கண்ணை உருட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் மஞ்சளாய், ஈரமாய் ஒன்று வைக்கோலில் விழுந்தது. அவர் அதன் மூக்குக்குள் ஒரு வைக்கோல் துரும்பை விட்டுக் கிளறினார். அது தும்மியது.

அப்பாவுக்கு உங்கள் வழக்கம் தெரியாது, எங்கள் கோயிலில் ஏலம் என்றால் ஆளுக்கு ஆள் கூட்டிக் கேட்பதுதான் மரியாதை என்று சொன்னேன். டெரெக் கையைக் கழுவிக்கொண்டே, நேர்மையாகத்தான் வாங்கினார், குற்றமில்லை என்றார். சாப்பிடட்டும். பிரெண்டாவின் குழம்பு நன்றாக இருக்கும்.

"நீங்களே அவவைக் கேட்டால் என்ன? இதே ஊரிலதானே இருக்கிறா. போனில கேக்கலாம்."

உடுப்பைக் கழற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி ஓடு என்று சொன்னதுபோலப் பார்த்தார்.

"நீயும் உன்ர அப்பாவும் எப்பிடி?" என்று கேட்டார். இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

"அது வேற" என்றேன்.

"ஓம்" என்று சொல்லி வாளியை என் கையில் தந்தார். தண்ணீர் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 15, சனி

சனிக்கிழமைகளில் மண்டபத்தில் காலைக் கோப்பி. கேக்கும் கோப்பியும் விற்று வருகிற காசு கூரைக்கு. அம்மா பற்றிஸ் பொரித்துக் கொடுத்தனுப்பினார். கொண்டுபோன இடத்தில் அந்த இரண்டு பேரையும் பார்த்தேன். பிரெண்டா குசினி ஜன்னலுக்குள்ளே கோப்பி ஊற்றுகிறாள். டெரெக் ஆட்கள் உட்காரக் கதிரைகளைத் தூக்கிப் போடுகிறார். இரண்டு பேரும் தொண்டர்கள், இரண்டு பேரும் ஒரு வாரம் தவறுவதில்லையாம்.

பிரெண்டா ஃபிலிப்பாவிடம், நீள மேசைக் கால் ஆடுகிறது என்று அவரிடம் சொல் என்றாள். ஃபிலிப்பா சொன்னாள். டெரெக் ஃபிலிப்பாவிடம், அது நத்தார்ப் பண்டிகையிலிருந்து ஆடுகிறது என்று அவளிடம் சொல் என்றார். ஃபிலிப்பா சொன்னாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தள்ளுவண்டி அகலம்தான் இருந்தது. சிரிப்பை அடக்கமுடியவில்லை. எழுபது வயதில் இப்படியுமா? பைத்தியங்கள்.

பற்றிஸ் எட்டுத்தான் விற்றது.

கடைக்கு வந்ததும் அம்மா சொன்னார், நிலத்தைத் துடைக்கட்டாம் என்று அப்பா சொன்னாராம். துடைத்தேன். ஈரமாக இருக்கிறது, மிதிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள் என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

மழை. மண்டபத்தில் வாளிகள் போதாமல் எங்கள் கடை வாளியையும் வாங்கிப் போனார்கள். வாளி கேட்க மட்டும் வருகிறார்கள்.

மார்ச் 22, சனி

மாலை பண்ணைக்குத் திரும்பவும் போனேன். டெரெக் கதவைத் திறந்தார், ரீ போட்டுத் தந்தார். வீட்டில் ஒரே ஒரு கோப்பைதான் வெளியே இருந்தது. இன்னொன்றை அலமாரியிலிருந்து தேடி எடுத்துக் கழுவினார். அன்னையர் ஞாயிறன்று என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். குட்டிகள் இருக்கின்றன என்றார். நான் கிளம்பும்போது, குடித்த கோப்பையைக் கழுவித் திரும்பவும் அலமாரிக்குள் வைத்தார்.

அன்னையர் ஞாயிறு வருகிற வாரம். எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 26, புதன்

சாப்பிடும்போது அப்பா சட்டென்று நிமிர்ந்தார். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கோயிலில ஏலத்தில எடுத்தவர் அதை வீட்டை கொண்டுபோறேல்லை எல்லே. அங்கயே விட்டிட்டு வருவார். அதைத் திரும்ப ஏலம் விடுவினம்."

"இஞ்ச கோயில் எங்கயப்பா?"

"கூரை ஒழுகுது. சனம் காசு சேர்க்குது. வேற என்ன வேணும்?"

சனிக்கிழமைக் கோப்பியில் எழுந்து நின்று சாப்பாட்டைத் திரும்பக் கொடுக்கப் போகிறாராம். கட்டின காசு கூரைக்கே இருக்கட்டும், சாப்பாடு மறுபடி ஏலம். ஊர் கையை மடியில் வைத்திருக்கும், டெரெக் இருபது என்பார், எல்லாம் முடியும்.

டெரெக் கேட்கமாட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த மனிசனை நான் பார்த்தேன். இப்போது கையைத் தூக்கினால் ஊருக்கு முன்னால் பிச்சை கேட்டதுபோல ஆகிவிடும் என்று நினைப்பார். இருபது வருடம் யாரும் கவனிக்காத மாதிரி நடந்தது, இனி அப்படி நடக்காது.

"அவர் கேளாட்டில்?" அப்பா அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"கேளாட்டில் ஞாயிற்றுக்கிழமை நீங்களும் நானும் மாடு தின்னவேண்டியதுதான்" என்றார் அம்மா.

யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 29, சனி

முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பிரெண்டா குசினி ஜன்னலுக்குள்ளே. டெரெக் சுவரோரம், அடுக்கிய கதிரைகளுக்குப் பக்கத்தில். நான் கோப்பைகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு நடுவில். அப்பா கேக் மேசைக்கு முன்னால் போய் நின்றார். அந்த ரை. தொண்டையைச் செருமினார். எல்லோரும் திரும்பினார்கள்.

"லேடீஸ் அன்ட் ஜென்டில்மென்" என்றார். அதோடு நின்றுவிட்டது.

இருபது வருடமாக இந்த நாட்டில் கடை நடத்துகிற மனிசன். கஸ்ரமரோடு ஆங்கிலத்தில் பகிடி விடுவார். ஆனால் வாய் திறக்கவில்லை. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஃபிலிப்பா கண்ணாடியைக் கழற்றினாள். யாரோ கரண்டியால் கோப்பையைக் கலக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆரூரன், நீ சொல்லு."

தள்ளுவண்டியை விட்டுவிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன், சுற்றி வளைக்கவில்லை. என் அப்பா தனக்குரியது இல்லாத ஒன்றை வாங்கிவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் கோயிலில் ஏலத்தில் எடுத்ததைத் திரும்பக் கொடுப்பது வழக்கம். அவர் கொடுக்கிறார். கட்டின காசு கூரைக்கு. நாளை மதியச் சாப்பாடு இப்போது மறுபடி ஏலத்துக்கு வருகிறது. யார் கேட்கிறீர்கள்?

கமிட்டி நடைமுறையில் இப்படி ஒன்று இல்லையே என்றாள் ஃபிலிப்பா. அப்பாவுக்கு இப்போது வாய் வந்துவிட்டது. "வன் மினிற், மேடம்" என்றார்.

ஊர் கையை மடியில் வைத்துக்கொண்டது. எல்லோரும் டெரெக்கைப் பார்க்காமல் பார்த்தார்கள். அவர் ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். காது சிவந்திருந்தது. நான் நினைத்ததுதான். கேட்கப் போவதில்லை. நாங்கள் அதைச் சரி செய்யவில்லை, ஊருக்கு முன்னால் இழுத்துப் போட்டு இன்னும் கெடுத்துவிட்டோம். அந்த நேரம் அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

"ஏலத்தைக் கூப்பிடு" என்றார் அப்பா என் காதருகே.

ஒருதரம் என்றேன்.

யாரும் அசையவில்லை. பிரையனி வாசலில் நின்று நகத்தைக் கடித்தாள்.

இரண்டு தரம் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இருபது."

குசினி ஜன்னலிலிருந்து வந்தது. பிரெண்டா. கையில் துடைக்கிற துணி.

தன் வாக்குறுதியைத் தானே ஏலத்தில் எடுக்கமுடியாதே என்றாள் ஃபிலிப்பா. ஏன் முடியாது என்று கேட்டார் அப்பா. அவள் கண்ணாடியைத் திரும்பப் போட்டாள். அப்பா கேக் வெட்டுகிற கத்தியின் பிடியால் மேசையில் தட்டினார்.

"மூண்டு தரம்" என்றார், தமிழில். எல்லோருக்கும் விளங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது சாப்பாடு அவளுடையது. இருவருக்கு. ஒன்று அவள். மற்றதற்கு அவளே யாரையாவது கூப்பிடவேண்டும். அவளுக்கும் அது இப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்தாள். பிறகு அதை வைத்துவிட்டு, குசினிக் கதவைத் திறந்து, மண்டபத்துக்குள் வந்தாள். ஆட்கள் கால்களை ஒதுக்கி வழி விட்டார்கள்.

"டெரெக்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"நாளைக்கு ஒரு மணிக்கு. நாயைக் கூட்டிக்கொண்டு வராதே, கம்பளம் புதிசு."

டெரெக் தொப்பியைக் கையில் எடுத்தார்.

"நாய் செத்துப்போச்சு, பிரெண்டா. நவம்பரில."

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள். அது கோபத்தில் சொன்னது இல்லை.

"நான் சொல்லியிருக்கவேணும்" என்றார் அவர். "வாறன்."

அவள் திரும்பிக் குசினிக்குள் போனாள். அவர் கதிரைகளை எடுத்துப் போடத் தொடங்கினார். போதுமான கதிரைகள் ஏற்கனவே இருந்தன.

மார்ச் 30, ஞாயிறு

ஒரு மணிக்கு டெரெக் வரவில்லை.

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நான் நின்றேன். அப்பா காசு மேசையை விட்டு வந்து பக்கத்தில் நின்றார். எதிரே பிரெண்டா வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்தாள், உள்ளே போனாள், திரும்பவும் வந்தாள். ஏப்ரனைக் கழற்றியிருந்தாள். கழுத்தில் ஏதோ மாலை. அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் பிரெண்டா வாசல் படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனாள், பிறகு வரவில்லை.

"மனம் மாறிட்டாரோ?" என்றார் அப்பா.

"அவர் வாறன் எண்டு சொன்னால் வருவார், அப்பா."

"வீட்டில மணிக்கூடு இருக்கோ?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நேற்று இரவு கோடைகால நேரம் தொடங்கியது. எல்லா மணிக்கூட்டையும் ஒரு மணி முன்னால் தள்ளவேண்டும். செம்மறிகளுக்கு அது தெரியாது, டெரெக்குக்கும் தெரியாது.

"ஓடு" என்றார் அப்பா.

யாரிடம் ஓடுவது என்று கேட்கவில்லை. தெருவைக் கடந்து பிரெண்டாவின் கதவைத் தட்டினேன். திறந்தாள். கண் சிவந்திருந்தது. மணிக்கூடு என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவள் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு இறைச்சியை அடுப்புக்குள் திரும்பவும் வைக்க ஓடினாள்.

புது நேரம் இரண்டுக்கு டெரெக்கின் வண்டி வந்தது. கோட்டுப் போட்டிருந்தார். கையில் பூ, வேலியோரத்தில் பிடுங்கினதுதான். படலையைத் திறந்து உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு எங்களுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை.

அம்மா மூன்று பேருக்கும் சோறு போட்டார். மரக்கறிதான். கத்தரிக்காய்க் குழம்பு ஆறிப்போயிருந்தது.

"ஏன்டா விட்டனி?" என்றார் அப்பா.

அம்மா தண்ணீர் எடுக்க எழுந்து போனார். மேசையில் தண்ணீர் இருந்தது.

யூனிவர்சிற்றிப் படிப்பை ஏன் விட்டேன் என்று ஒக்ரோபரிலிருந்து ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. சொன்னேன். நீளமான கதை. அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.